கச்சான் அல்வாவும் காக்காய்க்கடியும்

எங்கள் பாடசாலை வாசலில், பாலைமரத்தடியில், ஓர் ஆச்சி கடகத்தோடு இருப்பா. அந்தக் காலத்தில் படித்த எவருக்கும் அவவை மறந்திருக்காது. கச்சான் சரை, எள்ளுப்பாகு, போத்தலுக்குள் தோடம்பழ இனிப்பு, பல்லி முட்டாசு. வன்னியில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இறுகியிருந்த 1990களின் நடுப்பகுதி அது. வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடிப்போம். சீனிக்கே அந்த நிலைமை என்றால் ஆச்சியின் போத்தல் எப்படி நிறையும்? ஆனாலும் பனங்கட்டிப் பாகு காய்ச்சி, கச்சான் அல்வா மட்டும் எப்படியோ கொண்டு வந்துவிடுவா. ஒரு துண்டை வாங்கி, சட்டை நுனிக்குள் வைத்துக் காக்காய்க்கடி கடித்து நாலு பேர் பங்கு போடுவோம்.

1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது எங்கள் வகுப்புக்கு ஒருவன் வந்து சேர்ந்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். முதல் நாள் இடைவேளையில் ஆச்சியிடம் போய், "பாட்டி, கடலை மிட்டாய் ஒண்ணு குடுங்க" என்றான். எங்கள் பக்கம் கடலை என்றால் கொண்டைக்கடலை; ஆச்சி அவித்த கடலையில் ஒரு சரை சுற்றி நீட்டினா. அவன் தலையாட்டினான்.

"கடலையிலை எங்கை மோனை மிட்டாய்?"

அவன் கச்சான் அல்வாவை விரலால் காட்டினான். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவனுடைய முகம் சுருங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று சிரித்திருக்கக் கூடாது. ஆச்சி சிரிக்கவில்லை. "உங்கடை வீட்டிலை இதுக்கு அப்பிடியே பேர், ராசா?" என்று கேட்டு, ஒரு துண்டைக் காசு வாங்காமல் கொடுத்தா.

அவன் சொன்னது பிழையே இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதுதான் பெயர். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நாங்கள் கச்சான் என்பதை அங்கே நிலக்கடலை, வேர்க்கடலை என்கிறார்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாக்கொட்டை. லண்டன் தமிழ்க்கடையில் கோவில்பட்டிப் பொதி ஒன்றை வாங்கிக் கடித்தபோது எனக்கு ஆச்சியின் கடகம்தான் நினைவுக்கு வந்தது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் தும்பு முட்டாசு வாங்காமல் திரும்ப மாட்டோம். வாயில் வைத்ததும் கரைந்து போகும். விரலில் ஒட்டிய சிவப்புச் சாயம்தான் மிச்சம். தமிழ்நாட்டில் அது பஞ்சு மிட்டாய். இங்கிலாந்தில் என் மகளுக்குக் கண்டி ஃப்ளோஸ், கனடாவில் கொட்டன் கண்டி. பிரான்சில் இருக்கும் வகுப்புத் தோழி சொன்ன பெயர்தான் அழகு: 'அப்பாவின் தாடி' என்று பொருளாம். இதைச் சுற்றும் இயந்திரத்தை 1897இல் உருவாக்கிய இருவரில் ஒருவர் அமெரிக்கப் பல் வைத்தியர்! 1904இல் சென் லூயிஸ் கண்காட்சியில் 'ஃபெயரி ஃப்ளோஸ்' என்று விற்றார்கள். அவுஸ்திரேலியாவில் இன்றைக்கும் அதே பெயர்தான். ஃப்ளோஸ் என்றால் முறுக்காத பட்டு இழை. எங்கள் ஆட்களும் இழையைப் பார்த்துத்தான் தும்பு என்றிருக்க வேண்டும். பஞ்சைவிடத் தும்புதான் பொருத்தம் என்பேன்.

கண்டோஸ் என்பது ஓர் இலங்கைச் சொக்லேட்டின் பெயர். ஆனால் எங்களுக்கு எல்லாச் சொக்லேட்டும் கண்டோஸ்தான், எந்தக் கம்பனி செய்தாலும் சரி. லொலிபொப்புக்கு நாங்கள் சொல்லும் சூப்புத்தடி என்ற சொல்லை என் மகளிடம் சொன்னேன். ஒருநாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கடலை மிட்டாய் கேட்டவன் இப்போது ரொறன்ரோவில். போன கோடையில் எங்கள் ஒன்றுகூடலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். ஊரிலிருந்து வந்த பொதியைப் பிரித்து, ஒரு துண்டை எடுத்துத் தன் சட்டை நுனிக்குள் வைத்துக் கடித்தான். அவனுடைய மகனுக்குப் பாதி, என் மகளுக்குப் பாதி.

"இதுக்கு என்ன பேர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"கடலை மிட்டாய்" என்றேன் நான். "கச்சான் அல்வா" என்றான் அவன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.