ஏப்ரல் மட்டும் வீடு இல்லை

நுவரெலியாவில் வாடகை வீடு பார்க்கப் போனால் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாத விதி. அவர் வாயைத் திறந்த பிறகு யாரும் நமக்கு வீடு தருவதில்லை, அது வேறு விஷயம்.

நேற்றுப் பார்த்தது ஒரு மேல் மாடி. கொஞ்சம் எக்கிப் பார்த்தால் கிரகரி வாவி தெரியும், வாடகையில் பாதி அந்த எக்கலுக்குத்தான். என் மனைவி இவள் வாவியைப் பார்க்கவே இல்லை, நேரே போய் அலுமாரியை நகர்த்தினாள். பின்னால் பூஞ்சணம் இலங்கைப் படம் மாதிரி பரவியிருக்கிறது, மன்னார் தீவு உட்பட! "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் முதலாளி.

பெரியப்பா அதற்குள் மீட்டரைத் தேடிப் போய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், பில் பாதிப் பாதியாம். கீழே கீசர், வாஷிங் மெஷின், தினமும் தலைக்குக் குளிக்கிற மூன்று பிள்ளைகள். யூனிட் கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறுகிற நாட்டில், அந்தப் பிள்ளைகளின் வெந்நீருக்கு நாம் பங்காளி. நாமோ ஞாயிற்றுக்கிழமைக் கட்சி.

அப்புறம் ஒப்பந்தம். முதலாளி ஒற்றைத் தாளை நீட்டினார். "ஒரு மாசத்துக்கு மேல குத்தகைன்னா நொத்தாரிசுகிட்ட, ரெண்டு சாட்சியோட எழுதணும். 1840ஆம் வருசத்துச் சட்டம்" என்று பெரியப்பா தொடங்கினார். லூல்கந்துரவில் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் போட்டதே 1867இல்தான். அதற்கும் முந்திய சட்டத்தைக் கேட்டு முதலாளிக்கு வியர்த்தது, இந்தக் குளிரில்.

தாளின் அடியில், பொடி எழுத்தில், ஏப்ரல் மாதம் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. சீசனாம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்களாம்.

"நீங்க எப்படியும் வருசப் பிறப்புக்கு ஊருக்குப் போவீங்கதானே?"

"அந்த மாச வாடகை?"

"அது வழமை போல."

"எங்க சட்டி பானை?" இவள்தான் கேட்டாள்.

"அது இங்கேயே இருக்கட்டும் தங்கச்சி, வர்றவங்களுக்குச் சமைக்க வேணுமில்லையா."

பெரியப்பா எழுந்தார். நாங்களும் எழுந்தோம். படியிறங்கும் வரை சட்டம், நியாயம், மனுசத்தனம் என்று பொரிந்து தள்ளினார். கேட்டைத் தாண்டியதும் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் முதலாளியைத் தனியே ஓரங்கட்டி மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "சீசனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கிறீங்க? மகள் குடும்பம் வத்தளையிலிருந்து வருது. சட்டி பானை இருக்குமில்லையா?"