அப்பல்லோ 1 கதவு: பிவிசி பைப்பில் ஒரு மாதிரி

1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவின் கேப் கென்னடியில், 34ஆம் ஏவுதளத்தில் நடந்த தரைச் சோதனையின்போது அப்பல்லோ 1 விண்கலத்துக்குள் தீப்பிடித்து, விண்வெளி வீரர்கள் கஸ் கிரிஸ்ஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் இறந்தார்கள். ஏன் வெளியே வர முடியவில்லை என்று தேடினால், கதவு உள்பக்கம் திறக்கும் வகை என்ற ஒரு வரி கிடைக்கும். எனக்கு அது போதவில்லை. தள்ளினால் எவ்வளவு கனக்கும் என்று கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஆறு அங்குல பிவிசி பைப்பில் ஒரு துண்டு எடுத்து அடிப்பக்கத்தை அடைத்தேன். மேல்பக்கம் தடித்த அக்ரிலிக் தகடு, அதில் 11.3 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை. அந்தக் கணக்கில் பரப்பு 100 சதுர செ.மீ. வரும், பெருக்க எளிது. துளையைவிடச் சற்றே பெரிய வட்டக் கதவு, உள்ளேயிருந்து மேல்நோக்கிப் பொருந்தும். விளிம்புக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். காற்று சைக்கிள் பம்பில் இருந்து. சாதாரணக் காற்றுதான், ஆக்சிஜனை வீட்டில் யாரும் தொடவே கூடாது.

அன்று கலத்துக்குள் 16.7 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் இருந்தது. வெளிக்காற்றைவிட 2 பிஎஸ்ஐ அதிகம். இவ்வளவு சிறிய அளவை டயர் கேஜில் நம்பிப் பார்க்க முடியாது. அதனால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் தண்ணீர் ஊற்றி இணைத்தேன். இரண்டு பக்கத்துக்கும் 140 செ.மீ. வித்தியாசம் வந்தால் 2 பிஎஸ்ஐ.

அப்புறம் கதவின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன்மேல் தம்பிள்ஸ் தட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். பத்து கிலோவில் அசைவே இல்லை. பன்னிரண்டில் ரப்பர் ஓரத்தில் மெல்லிய சீறல். பதினான்கை ஒட்டி வந்ததும் கதவு உள்ளே விழுந்தது, டியூபில் தண்ணீர் சட்டென்று இறங்கியது. உள்மூடி குக்கரை ஆவி இருக்கும்போது திறக்க முடியாதே, அதே கதைதான். என் கதவு சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு. உண்மையான கதவில் இதே 2 பிஎஸ்ஐ பல நூறு கிலோவாகிவிடும்.

இது தீக்கு முந்தைய நிலை. தீ பிடித்த சில விநாடிகளிலேயே அழுத்தம் ஏறி 29 பிஎஸ்ஐயைத் தொட்டு, கலத்தின் சுவரே வெடித்தது. அந்த அழுத்தத்தில் என் சிறிய கதவுக்குக்கூட 100 கிலோ வேண்டும். எட் வைட் படுத்த நிலையில், தலைக்குப் பின்னால் கையை நீட்டித் தாழ்களைத் திறக்க வேண்டியிருந்தது. எல்லாம் சரியாக நடந்தாலே ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. வெளியே இருந்தவர்கள் மூன்று அடுக்குக் கதவுகளையும் திறக்க ஐந்து நிமிடம் ஆனது.

என்னை அதிகம் வருத்துவது, இந்தக் கதவும் பாதுகாப்பை நினைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதுதான். உள்ளழுத்தமே கதவை இறுக்கும், விண்வெளியில் தானாகத் திறக்காது. 1961இல் லிபர்ட்டி பெல் 7 என்ற விண்கலம் கடலில் இறங்கியபின் கதவு திடீரென்று தெறித்து, கலம் மூழ்கியது. அன்று தப்பியவர் இதே கிரிஸ்ஸம். அந்த பயம் நியாயமானது. ஆனால் 1967 சோதனையில் ராக்கெட்டில் எரிபொருள் இல்லை என்பதால் அதை ஆபத்தான சோதனைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. தரையில் நிற்கும் கலத்துக்குள் தீப்பிடித்தால் சமாளிக்கப் போதுமான ஏற்பாடும் செய்யவில்லை. கதவைவிட இதைத்தான் பெரிய தவறு என்பேன்.

விபத்துக்குப் பிறகு வெளிப்பக்கம் சில விநாடிகளில் திறக்கும் ஒற்றைக் கதவு வந்தது. ஏவுதளத்தில் 60 சதவீதம் ஆக்சிஜன், 40 சதவீதம் நைட்ரஜன் கலவை. எளிதில் எரியும் பொருட்களை நீக்கினார்கள். 1968 அக்டோபரில் அப்பல்லோ 7 இந்த மாற்றங்களோடு பறந்தது.

அந்த இரண்டாவது கதவையும் செய்து பார்த்தேன். இது வேறு மாதிரிப் பிரச்சினை. அழுத்தம் கதவைத் திறக்க உதவுகிறது, ஆனால் மொத்தச் சுமையும் தாழ்களின் மேல் விழுகிறது. ஒரே கைப்பிடியில் எல்லாத் தாழ்களும் நகர வேண்டும். அழுத்தம் ஏறினால் அவை உரசிப் பிடித்துக்கொண்டன. முனைகளைச் சரிவாக அரத்தால் ராவி, கிரீஸ் தடவியபின் இலகுவாக நகர்கின்றன.

அடுத்து சோவியத் விண்கலமான சோயுஸ் 11. 1971 ஜூன் 30 அன்று 168 கி.மீ. உயரத்தில் ஒரு காற்று வால்வு தவறுதலாகத் திறந்து டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் மூவரும் இறந்தார்கள். விண்வெளி உடை போட்டிருக்கவில்லை. கையால் திருகி மூடும் அந்த வால்வுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான் அடுத்த மாதிரியில் பார்க்கப்போவது. அதற்கு இதே பைப் போதும், மேல் தகடு மட்டும் புதிதாக வெட்ட வேண்டும்.