பத்து வெள்ளி

சூப்பர்வைசர் வேலை கிடைத்த அதே மாதம் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அது முடிந்து அவரை வீட்டில் விட்டுவிட்டு, கோலாலம்பூர் செகாம்புட்டில் ஒரு கிடங்குக்கு இரவு ஷிப்ட் ஓடுவேன். கண்ணெல்லாம் தூக்கம், வாயெல்லாம் கோபம். பதினெட்டுப் பேருக்கும் ஆபீஸ் அறையிலிருந்தே வாட்ஸ்அப்பில் உத்தரவு போடுவேன். 'உடனே', 'கடைசி எச்சரிக்கை.' மூன்று மாதத்தில் நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

ஒருநாள் பசியாறும்போது போனில் கத்திக்கொண்டிருந்தேன். பாட்டிக்கு வயது எண்பத்தைந்து, காது மட்டும் கூர்மை. "சம்பந்தன் இப்படியா எங்ககிட்ட பத்து வெள்ளி கேட்டாரு?" என்றார்.

பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர். சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த கதைதான். வெள்ளி என்றால் எங்கள் ஊர்ப் பணம். பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் பெயர் வைத்த சாலையில் அடிக்கடி போகிறேன், நெரிசலைத் திட்டியதோடு சரி. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர் கொடுக்கும் அந்தப் பத்துப் பத்து வெள்ளியிலேயே தோட்டம் வாங்கப் பார்த்தார் சம்பந்தன். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். அவரோ அமைச்சர், சுங்கை சிப்புட்டில் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை. பால்மரம் வெட்டுகிறவர் அவரை எதற்கு நம்ப வேண்டும்? அதனால் தோட்டம் தோட்டமாகத் தானே போய் நின்று பேசினார்.

"மொத தடவ உங்க தாத்தா குடுக்கல. ஏமாத்து வேலைன்னாரு. மறுபடி வந்தாங்க, அப்புறம்தான் குடுத்தோம்."

வாங்கிய ஏக்கர் கணக்கைவிட அந்த 'மறுபடி' தான் என்னை உறுத்தியது.

அன்றிரவு மூன்று மணிக்கு லாரி நிற்கும் இடத்துக்குப் போனேன். மூத்த அண்ணன் ஒருவர் ஸ்கேனரைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பேட்டரி மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. ஆட்டினால் அணைந்துவிடும், எண்ணிக்கை தப்பும். அந்தத் தப்புக்குத்தான் அவருக்கு இரண்டு எச்சரிக்கை கொடுத்திருந்தேன்.

"ஏண்ணே சொல்லல?"

"குரூப்புல நீங்க மட்டும்தானம்மா எழுத முடியும்."

அங்கேயே நின்று, குரூப்பில் எல்லாரும் எழுதும்படி செட்டிங்கை மாற்றினேன். முதலில் வந்தது ஸ்கேனர் படம். அடுத்து, ஓடாத மின்விசிறி. விடிவதற்குள் பதினொரு செய்திகள் வந்துவிட்டன.