சருகுத் தீயும் ஓர் உரிமை மனுவும்

ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பக்கம் சோளகர் பழங்குடிகள் வாழும் ஓர் ஊரில், சமூக வன வள உரிமைக்கான மனு எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தமிழும் கன்னடமும் எழுத வரும். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் என் வகுப்பில் படித்தவர்கள். அதனால் எழுத்து வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மனு இன்னும் முடியவில்லை, எனவே ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களில் கேட்டதை எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. எங்கள் பக்கம் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு மனைக்கும் விவசாய நிலத்துக்கும் கிடைக்கிற தனிநபர் பட்டாவைத்தான் பேசுவார்கள். அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர் ஊர் காலங்காலமாகக் காத்தும் பயன்படுத்தியும் வந்த காட்டைப் பாதுகாக்கவும், மீட்டு வளர்க்கவும், நிர்வகிக்கவும் அந்த ஊருக்கே உரிமை உண்டு என்கிற உட்பிரிவு அது. சமூக வன வள உரிமை என்பது இதுதான். தமிழ்நாட்டில் இதெல்லாம் தாமதம். உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் உரிமைப் பட்டயம் கொடுக்கக் கூடாது என்று 2008-ல் விழுந்த நிபந்தனை, 2016-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் நீங்கியது. அதற்குள் பக்கத்துக் கர்நாடகத்துச் சோளகச் சொந்தக்காரர்கள் இதில் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள்.

முதல் கூட்டத்தில் நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்க காடு எது வரைக்கும் அஜ்ஜா?" என்று கேட்டேன். ஊரில் மூத்தவர் அவர். "எந்தக் குலத்துக் காட்டைக் கேக்கறே டீச்சரம்மா?" என்று திருப்பிக் கேட்டார்.

அவருடைய தாய்வீடு புணஜனூருக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துப் பி.ஆர். மலையில், அதாவது பிளிகிரி ரங்கன் மலையில். திம்பம் ஏறி, ஆசனூர் தாண்டிப் போனால் மாநில எல்லை வரும். காட்டுக்கு அந்த எல்லை தெரியாது. இந்தப் பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் பிளிகிரி ரங்கசாமி கோயில் புலிகள் காப்பகம், இரண்டிலும் ஒரே சனம். பி.ஆர். மலைச் சோளகர்கள் காட்டைக் குலவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு குலத்தின் நிலப்பரப்பை எல்லே என்கிறார்கள். அதற்குள் சாமி இடங்களாக ஒரு தேவரு, ஒரு மாரம்மா, ஒரு வீரு, செத்தவர்களுக்குக் கல் நாட்டும் கல்லுகுடி, நீர் ஊறும் இடத்தில் ஓர் அப்பி. ஹெக்டேர் கணக்கில் எல்லை சொல்லத் தெரியாத பெரியவர்கூட, எந்தப் பாறையில் தன் குலத்து மாரம்மா முடிந்து அடுத்தவருடையது தொடங்குகிறது என்று அடி பிசகாமல் சொல்வார்.

1974-ல் அங்கே சரணாலயம் அறிவித்தார்கள். இடம் மாற்றி மாற்றிச் செய்த ராகிச் சாகுபடி நின்றது. குடும்பங்களை உள்காட்டிலிருந்து கொண்டுவந்து போடு என்கிற குடியிருப்புகளில் உட்கார வைத்தார்கள். ஆனாலும் தேவருக்குப் படையல் வைக்கப் போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். பிற்பாடு சோளகர்களும் பெங்களூரில் உள்ள ஏட்ரீ என்கிற சூழலியல் ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்களும் சேர்ந்து, ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பின்னால் நடந்து, நூற்றுக்கணக்கான இந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். வன உரிமை விதிகளில் ஆதாரப் பட்டியல் ஒன்று இருக்கிறது. புனிதத் தலங்கள், இடுகாடு, கிணறு எல்லாம் அதில் வரும். மனு போடாத மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கி வைத்தால் அதுவும் ஆதாரம்தான். 2011 தொடக்கத்தில் அந்தக் காடு புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் வாழும் மக்களுக்கு நாட்டிலேயே முதன்முதலாக இந்த உரிமை அங்கேதான் கிடைத்தது.

பக்தி என்று ஒதுக்கிவிடுகிற விஷயம் சட்டத்தின் முன்னால் நிலப் பத்திரமாக நிற்கிறது. இதை நான் எங்கள் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையில் இருந்த பெண்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

சரி, இப்போது தீக்கு வருகிறேன்.

பி.ஆர். மலையில் அதைத் தரகு பெங்கி என்பார்கள், அதாவது சருகுத் தீ. தை, மாசியில் வைப்பது. புல் முழுக்கக் காய்ந்திருக்காது, ராத்திரிப் பனியின் ஈரம் தரையில் இருக்கும். அந்தப் பருவத்தில் வைத்த தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. சருகைத் தின்றுவிட்டு, சாயங்காலம் பனி இறங்கும்போது தானாக அவிந்துவிடும். பெரிய மரத்துக்கு ஒன்றும் ஆகாது. முளைத்து வருகிற உண்ணிச்செடி (லாண்டானா என்கிற களைப்புதர்) கருகும், மாட்டையும் மானையும் பிடிக்கும் உண்ணிப்பூச்சி குறையும், முதல் மழைக்குப் புதுப்புல் வரும். சரணாலயச் சட்டத்தில் காட்டில் தீ வைப்பதே குற்றம். எனவே அது நின்றது.

அப்புறம் நடந்ததை எண்களில் பாருங்கள். பி.ஆர். மலை முழுக்கக் குறித்து வைத்த ஆய்வுத் துண்டுகளில், 1997-ல் 41 சதவீதத் துண்டுகளில் உண்ணிச்செடி இருந்தது. 2008-ல் 81 சதவீதத்தில். உண்ணிச்செடி பெருகியதற்குத் தீ நின்றது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சோளகப் பெரியவர்களைக் கேட்டால் தயக்கமில்லாமல் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அவர்கள் சின்ன வயதிலும் அந்தச் செடி காட்டில் இருந்ததாம், ஆனால் அடங்கி இருந்ததாம். இப்போது பங்குனி, சித்திரையில் தப்பித்தவறி ஒரு தீப்பொறி விழுந்தால், ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும் அந்தப் புதர் தீயை மரத்தின் உச்சிக்கே ஏற்றிவிடுகிறது. அதை அணைக்க வனத்துறை கூப்பிடுவதும் இதே சோளக இளைஞர்களைத்தான்.

நெல்லிக்கும் இதே கதைதான். பி.ஆர். மலையில் நெல்லிக்காய் பறிக்கிறவர்கள் புல்லுருவி பிடித்த கிளையைப் பார்த்தால் வெட்டிப் போடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது மரத்தை நாசம் செய்வதாகப் படும். புல்லுருவி பரவினால் காய்ப்பு குறையும், மரமே பட்டுப்போகும் என்பது பறிக்கிறவர்களுக்குத் தெரியும். தீயின் சூடும் புல்லுருவியைக் கட்டுக்குள் வைத்தது என்கிறார்கள். 2010-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை சோளகர்களின் இந்த அறிவையே மையமாக எடுத்துக்கொண்டது. வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சரணாலயத்துக்குள் விற்பனைக்காக வனப்பொருள் சேகரிப்பதைத் தடுத்தார்கள். காய் பறிக்க ஆள் போகவில்லை, கிளையை வெட்டவும் ஆள் இல்லை.

இங்கேதான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி அறிவைப் 'பாரம்பரிய அறிவு' என்று பெயர் வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். இந்த மூலிகை இந்த நோய்க்கு, இந்த மாதத்தில் தீ, இப்படி. பட்டியல் போட்டாலே அறிவு காப்பாற்றப்பட்டது என்று நினைக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தீ வைப்பது தனி ஆளுடைய கைத்திறன் இல்லை. சோளகர்களில் தன் குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. அதனால் அடுத்த எல்லேயில் இருப்பவர் எப்போதும் மாமனாகவோ மச்சானாகவோ, வாழ்க்கைப்பட்டுப் போன அக்காவாகவோதான் இருப்பார். அவருக்குச் சொல்லி அனுப்பாமல் தீ வைக்க முடியாது. சொன்னால் அவர் ஆளோடு வந்து தன் பக்கத்தில் நிற்பார். அந்த உறவு மலைச்சாமி வரைக்கும் போகிறது. ரங்கசாமி குசுமாலே என்கிற சோளகப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்பது அவர்கள் கதை. ஆகவே சாமியும் அவர்களுக்கு மச்சான் முறை. தீயைத் தடுத்தபோது இவ்வளவு பேர் ஒன்றாகக் காட்டில் நடக்கிற காரியமே நின்றுபோனது. பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் போய்விட்டார்கள். யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நெல்லிக்காய் பறிக்கும் அனுமதியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் அந்தக் கூட்டுக் காரியம் திரும்பி வராது. காட்டை நிர்வகிக்கும் உரிமை வேண்டும், அதனால்தான் இந்த மனு.

எங்கள் ஊர் நிர்வாகத் திட்டத்தில் தீயைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று பெரிய சண்டையே நடந்தது. தகவல் கேட்கப் போன ஓர் அலுவலகத்தில், "தீன்னு ஒரு வார்த்தை இருந்தாலும் பேப்பர் நகராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இளைஞர்கள் அதை எடுத்துவிடலாம் என்றார்கள், முதலில் உரிமை வரட்டும் என்பது அவர்கள் வாதம். பெரியவர்கள் மறுத்தார்கள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், உடனே தீ வைக்கவும் அவர்கள் கேட்கவில்லை. அஜ்ஜா சொன்னது இது: "இப்ப வெச்சா தீ நம்ம பேச்சைக் கேக்காது. மொதல்ல உண்ணியை வேரோட புடுங்கணும்." கடைசியில் அப்படியே எழுதினோம். முதலில் உண்ணிச்செடி அகற்றுவது, அதை ஊராரே செய்வது. பிறகு சின்னத் துண்டு நிலம் ஒன்றில், வனத்துறையினரை வைத்துக்கொண்டே, தை மாதத்தில் சருகுத் தீயைச் சோதித்துப் பார்ப்பது. இது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

சட்டப்படி வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இங்கே அது பெயருக்கு இல்லை. ஆண்கள் வரைந்த முதல் வரைபடத்தில் தேவரு இடங்களும் மாட்டுத்தடங்களும் மட்டும் இருந்தன. நூறைக் கிழங்கு தோண்டும் சரிவு அதில் இல்லை என்று ஓர் அக்கா எழுந்து சொன்னார். கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியைக் குழியிலேயே விட்டு மண்ணை மூடினால்தான் அடுத்த வருடம் கிழங்கு வரும். இதை எந்த இடத்தில் யார் செய்து வருகிறார்கள் என்பதையும் அவர் பேர் பேராகச் சொன்னார். மூன்று பக்கம் எழுதினேன். மனுவில் என் மனதுக்குப் பிடித்த பக்கங்கள் அவைதான்.

இப்போது பாக்கி இருப்பது மேற்குப் பக்கத்து எல்லை. அங்கே ஒரு கல்லுகுடி இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், புதர் மூடியதில் வழி யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சிறுவயதில் அப்பாவோடு அங்கே போனவர் ஒரு பாட்டி, பி.ஆர். மலையில் கே.குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர். அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். ராகி அறுப்பு முடிந்ததும் மகனோடு வருவதாகப் பதில் வந்திருக்கிறது. அவர் வழி காட்டிய பிறகு ஜிபிஎஸ்-ல் குறித்து, வாக்குமூலம் எழுதி, கிராம சபையில் வைப்போம்.