கரடியான்

"பெரியம்மா, இன்னைக்குக் கரடியான் ஸ்கூலுக்கு வரவே இல்ல."

வேனிலிருந்து இறங்கியதும் தங்கை மகன் சொன்ன முதல் வார்த்தை. பையை வாங்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

கரடியான் என்பது அவனுடைய கோபம்.

போன மாதம் குடும்ப ஆலோசகர் அவன் கையில் கிரேயானைக் கொடுத்து, "உன்னைப் படுத்துற அந்தக் கோபம் எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டு" என்றாராம். கன்னங்கரேலென்று, ஏழு காலோடு ஒன்றை வரைந்தான். பெயரும் அவனே வைத்தான்.

அப்புறம் வீட்டில் எல்லோரிடமும் ஒரு கேள்வி. "கரடியான் எப்போ உள்ள வர்றான்? யார் கதவைத் திறந்துவிடறாங்க?"

அதுவரை "இவன்தாங்க பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டிருந்த அவன் அப்பா, வெகுநேரம் தரையையே பார்த்திருந்துவிட்டு, "நான் கத்தும்போது வருவான்" என்றார்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் குடும்ப சிகிச்சையாளர் மைக்கேல் வைட் வளர்த்தெடுத்த வழி இது. கால்சட்டையிலேயே மலம் கழித்துவிடும் பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள். வெட்கத்தில் குறுகிப்போன பிள்ளைகள், துவைத்துத் துவைத்துக் களைத்த அம்மாக்கள். அந்தத் தொல்லைக்கு 'ஸ்னீக்கி பூ' (Sneaky Poo, திருட்டுத்தனமாக வரும் மலம்) என்று பெயர் சூட்டி, மொத்தக் குடும்பத்தையும் பிள்ளையின் பக்கம் நிற்க வைத்தார். 1984இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். பிள்ளை வேறு, பிரச்சினை வேறு, அவ்வளவுதான் அடிப்படை.

முரடன், அழுமூஞ்சி, அடங்காப்பிடாரி... எத்தனை பெயர்களைப் பிள்ளைகள் மேலேயே ஒட்டிவிடுகிறோம். நானும் இவனை 'முரடு' என்று கூப்பிட்டவள்தான். நினைத்தால் வலிக்கிறது.

அந்தப் படம் தங்கை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. இன்று பார்த்தேன். பக்கத்தில் பென்சிலால் யாரோ ஒரு பூட்டு வரைந்திருக்கிறார்கள்.

அவன் அப்பாவின் கை.