அக்கா வீட்டு பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க்

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடியில் எங்களுடையது தரைத்தள வீடு. திங்கட்கிழமை விடியற்காலையில் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்தால் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டை, சான்றிதழ்ப் பை, மாமியாரின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் மாடி வீட்டுக்கு ஏற்றினோம். கம்ப்யூட்டர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் பேக்கப் எடுக்காத ஆள் இல்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, லீவு நாட்களில் எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைப்பேன். அதைக் கம்ப்யூட்டர் மேஜையின் கீழ் டிராயரில்தான் வைத்திருந்தேன். சிபியுவும் அந்த மேஜைக்குக் கீழேதான். ஐந்து நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது இரண்டுக்குள்ளும் ஒரே சேறு.

அடுத்து ஒரு தவறு செய்தோம். இரண்டு வாரம் வெயிலில் காயவைத்துவிட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க்கை ஒரு லேப்டாப்பில் செருகிப் பார்த்தோம். உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். உடனே பிடுங்கிவிட்டோம். டேட்டா மீட்டுத் தரும் கடையில் கேட்டபோதுதான் தெரிந்தது, தண்ணீர் போன டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்கக் கூடாதாம். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு தூசி நுழைந்தாலே கெட்டுவிடும் என்கிற அளவுக்குச் சின்னது. சேறு காய்ந்த பிறகு சுழற்றினால் தட்டையே கீறிவிடும். 22,000 ரூபாய் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

பத்திர நகலைப் பதிவுத்துறையில் மறுபடி வாங்கலாம், பட்டாவை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கல்யாணப் போட்டோக்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப்பில் இருந்து, தரம் குறைந்துபோனாலும், கொஞ்சம் திரும்பி வந்தன. அம்மா என் மகளுக்குத் தாலாட்டுப் பாடியதைப் பதினோரு நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தேன். அம்மா இப்போது இல்லை. அக்காவின் பழைய போனில் இருந்த மெமரி கார்டில் அதில் நாலு நிமிடம் மட்டும் கிடைத்தது.

அதனால் புதிதாக என்ன ஏற்பாடு செய்யலாம் என்று யோசிக்கும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். எவ்வளவு மலிவான வழியாக இருந்தாலும் சரி, ஒரு நகல் இந்த வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கே உண்டு. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரவலாக்கியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒரு பிரதி வேறு இடத்தில். எனக்கு அந்த "ஒன்று" மட்டும்தான் அப்போது கண்ணில் நின்றது.

முதல் வேலையாக, பல இடங்களில் இருந்து மறுபடி சேர்த்தெடுத்த ஃபைல்கள் மொத்தம் எவ்வளவு என்று பார்த்தேன். 610 ஜிபி. ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் சினிமாவும், மகன் இறக்கி வைத்த விளையாட்டுகளும். போனால் மறுபடி கிடைக்காதது என்று பார்த்தால் 240 ஜிபிதான். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டது நல்லதாயிற்று. இல்லையென்றால் தேவைக்கு மேல் செலவு செய்திருப்பேன்.

பென் டிரைவை யோசிக்கவே இல்லை. இணையத்தில் 2 டிபி (ஒரு டிபி என்பது சுமார் 1,000 ஜிபி) பென் டிரைவ் என்று சில நூறு ரூபாய்க்கு விற்பவை பெரும்பாலும் போலி. காப்பி ஆவது போலக் காட்டும், பிறகு திறந்தால் ஃபைல் இருக்காது. டிவிடி ஒன்றில் 4.7 ஜிபிதான் கொள்ளும், 240 ஜிபிக்கு ஐம்பதுக்கு மேல் எழுத வேண்டும்.

கிளவுட், அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் ஃபைல்களை வைப்பது, அதைப் பற்றித்தான் ரொம்ப நாள் யோசித்தேன். நான் பார்த்த சமயத்தில் கூகுளில் 100 ஜிபிக்கு வருடம் 1,300 ரூபாய், 2 டிபிக்கு 6,500. எனக்கு 100 பத்தாது. 2 டிபி எடுத்தால் ஐந்து வருடத்துக்கு 32,500. பணம் கட்டுவதை நிறுத்தினால் இடமும் போய்விடும். எங்கள் இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ். 240 ஜிபியை ஏற்றக் கணக்குப்படி 27 மணி நேரம், அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். இதையெல்லாம் விட என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. கம்ப்யூட்டரோடு தானாக ஒத்துப்போகும் கிளவுட் ஃபோல்டரில், இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் போனது போனதுதான்.

கடைசியில் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று 4,700 ரூபாய். வேறு வேறு கம்பெனியாகப் பார்த்து எடுத்தேன், இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும் வாய்ப்பு அதனால் கொஞ்சம் குறையும். ஒன்று என்னிடம், இன்னொன்று மதுரையில் அக்கா வீட்டில். முக்கியமான பத்திரம், சான்றிதழ், இன்ஷூரன்ஸ் ஸ்கேன்கள் 6 ஜிபிதான் இருந்தன. அவை மட்டும் பாஸ்வேர்டு போட்ட ஃபைலாக, இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி கிளவுடுக்குள் போயின. ஆக மொத்தச் செலவு 9,400, அதுவும் ஒரே தடவை.

காப்பி செய்ய ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளை வைத்துக்கொண்டேன். இடது பக்கம் கம்ப்யூட்டர், வலது பக்கம் டிஸ்க். முதலில் ஒப்பிட்டுக் காட்டும், பிறகுதான் வேலையைத் தொடங்கும். இரண்டாவது தடவை அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வலது பக்கத்தை அப்படியே இடது பக்கம் போல ஆக்கிவிடும் மிரர் என்ற முறையில் இருந்ததால், அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஃபைல்களுக்கு எதிரே வரிசையாகக் குப்பைத்தொட்டிப் படங்கள் வந்து நின்றன. பட்டனை அழுத்தியிருந்தால் அத்தனையும் கம்ப்யூட்டரில் இருந்து அழிந்திருக்கும். கை நடுங்கிவிட்டது. அன்றே அந்த அமைப்பைச் சரியான திசையில் சேமித்து வைத்தேன். அழிபவை நேரே போய்விடாமல் தனி ஃபோல்டரில் சேரும்படியும் மாற்றினேன். மிரர் முறையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒப்பீட்டுப் பட்டியலைப் படிக்காமல் தயவுசெய்து தொடங்காதீர்கள்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுவேன். செருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மதுரைக்கு முதல் தடவை டிஸ்க்கைக் கொண்டுபோனபோது அக்காவின் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். போட்டோ, பாட்டு எல்லாம் நன்றாகத் திறந்தன. ஒரு வினாத்தாளைத் திறந்தேன். நான் தமிழாசிரியை. என் பழைய வினாத்தாள்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் இருக்கும். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. ஃபைல் கெடவில்லை, அந்த லேப்டாப்பில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆனால் வெள்ளத்தில் போன கம்ப்யூட்டரோடு அந்த எழுத்துருவும் போயிருந்தால் பன்னிரண்டு வருட உழைப்பு படிக்க முடியாத குறியீடுகளாகத்தானே கிடக்கும்? நல்லவேளை, பள்ளிக் கம்ப்யூட்டரில் எழுத்துரு இருந்தது. இப்போது அந்த எழுத்துரு ஃபைலும் பேக்கப்பில் இருக்கிறது. வினாத்தாள்களை, தனி எழுத்துரு தேடாமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றும் வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. பழைய எழுத்துருவில் அடித்த கதை, கட்டுரை, குடும்ப வரலாறு வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அதே நாளில் இன்னொன்றும் தெரிந்தது. டி டிரைவை மட்டும்தான் காப்பி செய்துகொண்டிருந்தேன். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பவை சி டிரைவில் அல்லவா இருக்கின்றன. அவை ஒன்றுகூட வரவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திராவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போகும்போது, புதிதாகக் காப்பி எடுத்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் எடுத்துப் போகிறேன். அங்கே இருப்பதை வாங்கி வந்து, வீட்டில் மறுபடி புதுப்பிக்கிறேன். எங்கள் வீட்டு டிஸ்க்கின் இடமும் மாறிவிட்டது, பரண்மேல் சான்றிதழ்ப் பையோடு சேர்ந்து இருக்கிறது.

"நகைப் பெட்டி பக்கத்துலதான் வச்சிருக்கேன், போதுமாட்டி?" என்றாள் அக்கா முதல் தடவை. போன மாதம் போனபோது, அந்த டிஸ்க்கைப் பீரோவில் இருந்து எடுத்துக் கொடுக்கும் முன் லேப்டாப்பில் செருகச் சொன்னாள். அம்மாவின் அந்த நாலு நிமிடத்தை இருவரும் ஒரு தடவை கேட்டோம்.