கோயம்புத்தூர் தேர்வாகிவிட்டது

ஒருவழியாக 38 மாவட்டங்களும் தேர்வாகின்றன. எங்கள் விதைப் பரிமாற்றக் குழுவின் பழைய எக்செல் பட்டியலை வரிவரியாகப் படித்து, நான் எழுதிவரும் இணையப் படிவத்தில் தானாக நிரப்பும் வேலை இது. பெயர், கைபேசி எண் எல்லாம் சமர்த்தாக நிரம்பின. படுத்தியது மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் கீழ்விரி பட்டியல், அதாவது டிராப்டவுன்தான்.

எக்செல் பட்டியலில் மாவட்டப் பெயர் மட்டுமே இருப்பதால், ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் (தேர்வுக்கும்) உள்ளே இருக்கும் மதிப்பான வேல்யூவை நேரடியாக வைக்க வழியில்லை. ஆப்ஷன்களை லூப்பில் சுற்றி, டெக்ஸ்ட் பொருந்துவதைப் பிடிக்க வேண்டும். மதுரை வந்தது, சேலம் வந்தது. கோயம்புத்தூர், ஈரோடு, புதுக்கோட்டை மட்டும் அடம்பிடித்தன. இடைவெளிச் சிக்கலோ என்று எக்செல் பக்கம் ஓர இடைவெளிகளை வெட்டும் ட்ரிம் போட்டேன், பலனில்லை. கன்சோலில் இரண்டையும் அச்சிட்டால் அச்சு அசலாக அதே கோயம்புத்தூர். லெங்த், அதாவது நீளம் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது: படிவத்தில் 13, பட்டியலில் 14!

மூன்று ஊருக்கும் பொது, ஓகாரம். யூனிகோடில் அந்தக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டோ குறியீடு குறியீடாக ஒப்பிட்டு, வேறு வேறு என்று கையை விரித்துவிடுகிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல் என்பதால் அப்படி வந்திருக்கலாம். ஒப்பிடுமுன் இரண்டு பக்கமும் நார்மலைஸ் போட்டு, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தேன், தீர்ந்தது. ஆனால் ஔவையாரின் ஔ-வை ஒ, ள என்று இரண்டு தனி எழுத்துகளாகத் தட்டி வைத்திருப்பவர்களை இந்த மருந்தாலும் குணப்படுத்த முடியாது.

அடுத்தது வட்டம்: மாவட்டம் மாறியதும் அதன் வட்டங்கள் இன்னொரு டிராப்டவுனில் நிரம்ப வேண்டும். நிரல் வழியாக வேல்யூவை மாற்றினால், மாற்றத்தை அறிவிக்கும் சேஞ்ச் ஈவென்ட் தானாகக் கிளம்பாது என்பது தெரிந்த கதைதான். அதை நாமே அனுப்பும்போது பபிள்ஸ் ட்ரூ (மேலே உள்ள உறுப்புகளுக்கும் சேதி போகட்டும்) என்று கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அது ஃபால்ஸ். அந்தச் சேதியைக் கேட்கும் என் லிசனர் டிராப்டவுனில் இல்லை, அதைச் சுற்றியுள்ள படிவத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சேதியே போகாது.

இப்போது வட்டப் பட்டியல் நிரம்புகிறது, ஆனால் சர்வரிலிருந்து ஆற அமர வருகிறது. செட்டைம்அவுட் என்ற நேரக்கெடு போட்டுக் குத்துமதிப்பாகக் காத்திருப்பது எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் நடக்கும் மாற்றங்களைக் கவனிக்கும் மியூட்டேஷன் அப்சர்வர் வைத்து, புது ஆப்ஷன்கள் சேர்ந்த பிறகு தேர்ந்தெடுக்கலாம் என்றிருக்கிறேன். முதல் சோதனை ஈரோடு: கோபிசெட்டிபாளையம், கொடுமுடி, மொடக்குறிச்சி என்று அங்கே கொம்பும் காலுமாக வரிசையில் நிற்கிறார்கள்.